பார்க்காத ஊசிக்குக் கையெழுத்துப் போடலாமா?

கடிதச் சுருக்கம்

தனியார் மருத்துவக் கல்லூரி வளாகம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை நானும் மாற்றியிருக்கிறேன். எம்.எஸ்சி. நர்சிங் படித்தவர். வார்டிலும் ஐ.சி.யூ.விலும் பல வருடம் வேலை பார்த்துவிட்டு நர்சிங் கல்லூரியில் டியூட்டராகச் சேர்ந்தவர். இந்த ஆண்டு அவரை மருத்துவக் கல்லூரியின் ஸ்கில் லேபுக்கு (செய்முறைகளை டம்மியில் பழகும் கூடம்) அனுப்பி, இரண்டாம் ஆண்டு எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு அடிப்படை நர்சிங் திறன்களைச் சொல்லிக்கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கை கழுவுவது, வைட்டல்ஸ் (நாடி, மூச்சு, பி.பி., காய்ச்சல்) பார்ப்பது, ஊசி போடுவது, ரத்தம் எடுப்பது, வென்ஃப்ளான் (ட்ரிப்ஸ் ஏற்ற நரம்பில் செருகும் சின்னக் குழாய்), ரைல்ஸ் ட்யூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குள் விடும் குழாய்), யூரின் கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) எல்லாம் அதில் அடக்கம். ஒரு வகுப்புக்கு முப்பது பேர், இரண்டு மணி நேரம், ஊசி போட்டுப் பழக இரண்டே இரண்டு மாதிரிக் கைகள் (ரப்பர் கைகள்).

பாதிப் பேர் செல்போனில் இருக்கிறார்களாம். ஒருவர் வெளிப்படையாகவே கேட்டிருக்கிறார்: “இதெல்லாம் நர்ஸ் வேலைதானே சிஸ்டர், நாங்க ஆர்டர் எழுதினா போதாதா?” இவரும் கோபத்தில், “எங்க நர்சிங் பசங்க ஒரே வாரத்துல கத்துக்கிறாங்க, நீங்க லாயக்கில்லை” என்று சொல்லிவிட்டார். இன்ஸ்பெக்ஷன் வருவதால் எல்லா லாக் புக்கிலும் (மாணவர் செய்து காட்டிய திறன்களைப் பதியும் ஏடு) கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்லி ஒருங்கிணைப்பாளர் நெருக்குகிறார். செய்து பார்க்காத பன்னிரண்டு பேருக்கு ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாகிவிட்டது. இதற்கிடையில், வார்டு போஸ்டிங்கில் ஒரு மாணவர் ஊசியைத் திரும்ப மூடும்போது விரலில் குத்திக்கொண்டு, ரத்தத்தைப் பிதுக்கி ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, “யார்கிட்டயும் சொல்லாதீங்க சிஸ்டர்” என்று கெஞ்சியிருக்கிறார். கடிதம் எழுதியதற்கு முந்தைய நாள் நடந்தது அது.

கேள்விகள் நான்கு. நர்ஸாகிய எனக்கு டாக்டர் மாணவரைச் சோதித்துத் தேறவில்லை என்று சொல்ல உரிமை உண்டா? கையெழுத்துப் போட மறுத்தால் வேலை போகுமா, போட்டால் நான் மாட்டுவேனா? ஊசிக்குத்தைச் சொன்னால் என்மேல் பழி வருமா? மாணவர்தான் ஊசி போடப்போகிறார் என்று நோயாளியிடம் சொன்னால் ஒருவரும் கை நீட்ட மாட்டார்களே, டீச்சிங் ஆஸ்பத்திரி என்றால் சம்மதம் தானாகவே கிடைத்த மாதிரிதானே?

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மரியாதைக் குறைவைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறீர்கள். வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் வேறு வரிசையில் பதில் சொல்கிறேன். முதலில் ஊசிக்குத்து, அடுத்து கையெழுத்து, அப்புறம்தான் வகுப்பு.

அந்த ஊசிக்குத்து

கடிதம் கிடைத்த அன்றே இதற்கு மட்டும் தனியாக உங்களுக்குப் பதில் அனுப்பினேன். இதே நிலையில் மாட்டிக்கொள்ளும் மற்றவர்களுக்காகத் திரும்பவும் சொல்கிறேன். குத்திய இடத்தைப் பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது, ஸ்பிரிட்டோ பிளீச்சோ ஊற்றக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். உடனே டூட்டி டாக்டரிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்று முடிவானால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம்தான் கெடு. தொடங்கிவிட்டால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உள்ள ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) மையங்களில் இதற்கு வழி இருக்கிறது.

மாணவர்கள் பயப்படுவது எச்.ஐ.வி.க்கு. ஆனால் எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினாலும் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று அளவில்தான். ஹெபடைடிஸ் பி அப்படியில்லை. தடுப்பூசி போடாதவருக்கு, நோயாளியின் நிலையைப் பொறுத்து, நூற்றுக்கு ஆறு முதல் முப்பது வரை போகும். அதனால் அந்த மாணவரிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, மூன்று தவணைத் தடுப்பூசியையும் போட்டு முடித்தாரா, அதன் பிறகு ஆன்டிபாடி அளவு பார்த்தாரா என்பதுதான். போடவில்லை என்றால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் (தயார் நிலையில் உள்ள எதிர்ப்புப் புரத ஊசி) கொடுக்க வேண்டியிருக்கும். அதை 24 மணி நேரத்துக்குள் கொடுப்பது நல்லது. ஏழு நாள் வரை கொடுக்கலாம். நோயாளிக்குச் செய்யும் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அவருடைய சம்மதம் வேண்டும். தெரியாமல் ரத்தம் எடுத்து அனுப்பும் வேலை வேண்டாம்.

சொன்னால் உங்கள்மேல் பழி வரும் என்று நினைப்பது தவறு. மறைத்தால்தான் வரும். நாளைக்கு அவருக்குத் தொற்று என்று தெரிந்தால், அந்த ஊசியால்தான் வந்தது என்று காட்ட ஒரு காகிதமும் இருக்காது. குத்தியபோதே எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனையும் இருக்காது. உங்களுக்குத் தெரிந்தும் சொல்லவில்லை என்பது மட்டும் இருக்கும். மருத்துவமனைகள் தங்கள் பணியாளர்களுக்குப் பாதுகாப்பு முறைகளையும் தடுப்பு மருந்தையும் தர வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. - எய்ட்ஸ் சட்டத்திலேயே இருக்கிறது. மருத்துவக் கழிவைக் கையாள்பவர்களுக்கு ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும் என்று 2016 மருத்துவக் கழிவு விதிகள் சொல்கின்றன. ‘அவர் மாணவர்தானே, பணியாளர் இல்லையே’ என்று உங்கள் கல்லூரி தட்டிக்கழித்தால் நான் அதை ஏற்க மாட்டேன். வார்டுக்குள் அனுப்பியது கல்லூரிதானே.

ஒரு சின்ன விஷயம். அந்தப் பையன் ஊசியைத் திரும்ப மூடினான் என்றால் ஸ்கில் லேபில் மூடித்தான் பழகியிருப்பான். டம்மிக் கைக்கு ஊசி போட்ட பிறகு மிச்சப்படுத்துவதற்காக மூடி வைப்பது பல இடங்களில் வழக்கம். லேபிலும் ஊசியை வெட்டும் ஹப் கட்டரும் ஊசிக் கழிவுக்கான வெள்ளை டப்பாவும் இருக்கட்டும். ஊசி அதில் விழுந்த பிறகுதான் பயிற்சி முடிந்ததாகக் கணக்கு.

கையெழுத்து

நர்ஸ் ஒருவர் மருத்துவ மாணவருக்குச் செய்முறை சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று எந்த விதியும் கிடையாது. உலகம் முழுக்க இளம் டாக்டர்களுக்கு ஊசியும் கதீட்டரும் கைவந்ததில் பெரும் பங்கு வார்டு சிஸ்டர்களுடையது. அதை யாரும் நேர அட்டவணையில் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். 2019-இல் வந்த திறன் சார்ந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் இதை அட்டவணைக்குள் கொண்டுவந்தது. தொடக்கப் பயிற்சியில் திறன்களுக்கென்றே 35 மணி நேரம் ஒதுக்கியது. ஸ்கில் லேபைக் கட்டாயமாக்கியது. எந்தத் திறனை மாணவர் நோயாளியிடம் தானே செய்து காட்ட வேண்டும், எதைச் செயல்விளக்கமாகக் காட்டினால் போதும், எதைப் பார்த்தால் போதும் என்று தனித்தனியாகப் பிரித்தும் வைத்தது. ரத்தம் எடுப்பது, தசை ஊசி, தோலடி ஊசி, நரம்பில் ஊசி, ட்ரிப்ஸ் ஏற்றிச் சொட்டுக் கணக்குப் போடுவது ஆகியவை முதல் வகை. கதீட்டரும் ரைல்ஸ் ட்யூபும் செயல்விளக்க வகை. டம்மியில் காட்டினாலும் போதும். ரத்தம் ஏற்றுவது பார்க்கும் வகை. இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு உங்கள் வகுப்பு நேரத்தைப் பிரித்தால் பாதிச் சுமை குறையும். இரண்டாம் ஆண்டிலேயே எல்லோரும் கதீட்டர் போட்டாக வேண்டும் என்ற அவசரம் பாடத்திட்டத்தில் இல்லை.

கற்றுக்கொடுப்பது வேறு, தேறினார் என்று சான்று கொடுப்பது வேறு. லாக் புக்கில் கையெழுத்துக்கான கட்டம் அந்தத் துறையின் ஆசிரியருக்கானது. நீங்கள் நேரில் பார்த்து மதிப்பிடலாம், உங்கள் பெயரையும் தேதியையும் குறிக்கலாம். சான்றளிக்கும் பொறுப்பு மருத்துவ ஆசிரியருடையது. ஆகவே ஒருங்கிணைப்பாளரிடம் முதலில் ஒன்றை எழுத்தில் வாங்குங்கள்: ஸ்கில் லேப் வகுப்புகளுக்கு இன்னார் பயிற்றுநர், லாக் புக்கில் கையெழுத்திட இன்ன துறை ஆசிரியர். இந்த ஒரு தாள் இல்லாமல் நீங்கள் அங்கே நிற்பதே உங்களுக்கு நல்லதில்லை.

‘தேறவில்லை’ என்று எழுத உங்களுக்குக் கை வரவில்லை என்கிறீர்கள். லாக் புக்கை இன்னொரு முறை திறந்து பாருங்கள். அதில் பெயில் என்று ஒரு கட்டமே இல்லை. முதல் முயற்சியா, மறு முயற்சியா, கூடுதல் பயிற்சிக்குப் பிறகான முயற்சியா என்று ஒரு பத்தி. எதிர்பார்த்ததற்குக் கீழே, எதிர்பார்த்த அளவு, அதற்கு மேல் என்று அடுத்த பத்தி. முடிவுக்கான பத்தியில் ‘முடிந்தது’, ‘திரும்பச் செய்ய வேண்டும்’, ‘கூடுதல் பயிற்சி தேவை’ என்று மூன்றே வழிகள். நான் பார்த்த லாக் புக்குகளில் பெரும்பாலானவற்றில் முதல் முயற்சி, எதிர்பார்த்த அளவு, முடிந்தது என்று மேலிருந்து கீழே ஒரே பேனாவில் ஓடும். நூற்றைம்பது பேரும் முதல் முயற்சியிலேயே வென்ஃப்ளானைச் சரியாகப் போட்ட கல்லூரி என்று ஒன்றைக் காட்டினால், இன்ஸ்பெக்ஷனுக்கு வருபவருக்கே சந்தேகம் வரும். ‘திரும்பச் செய்ய வேண்டும்’ என்ற குறிகள் நாலைந்து இருக்கும் லாக் புக்தான் நம்பும்படி இருக்கும். இதை ஒருங்கிணைப்பாளரிடம் இப்படியே சொல்லிப் பாருங்கள். விதியைக் காட்டுவதைவிட இது வேலை செய்யும்.

அதற்கும் மசியவில்லை என்றால் விதியும் இருக்கிறது. பொய்யான அல்லது தவறான எண்ணம் தரும் சான்றில் கையெழுத்திடும் டாக்டரின் பெயரைப் பதிவேட்டிலிருந்தே நீக்கலாம் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க நெறி விதிகள் சொல்கின்றன. நீங்களும் நர்சிங் கவுன்சிலில் பதிவு பெற்றவர். உங்கள் பதிவும் உங்கள் பொறுப்புதான். மாணவர் செய்த தவறால் நோயாளிக்குக் கேடு வந்தால் வழக்கு பெரும்பாலும் மருத்துவமனைமீதும் மேற்பார்வை செய்த டாக்டர்மீதும்தான் போகும். ஆனால் அந்த மாணவர் பயிற்சி பெற்றவர் என்று நீங்கள் பார்க்காமலேயே எழுதிக் கொடுத்த தாள் வெளியே வந்தால், அதற்கு நீங்கள் மட்டும்தான் பதில் சொல்ல வேண்டும்.

மறுத்தால் வேலை போகுமா என்று கேட்டீர்கள். தனியார் நிர்வாகம், போகாது என்று உறுதி சொல்ல என்னால் முடியாது. அதனால் ‘மாட்டேன்’ என்று வாயால் சொல்ல வேண்டாம். ‘இந்த முப்பது பேரில் இத்தனை பேரைப் பார்த்துவிட்டேன், மீதிப் பேருக்கு இந்த இரண்டு பிற்பகல்கள் கொடுத்தால் முடித்துத் தருகிறேன்’ என்று மின்னஞ்சலில் எழுதுங்கள். நர்சிங் கல்லூரி முதல்வருக்கும் ஒரு பிரதி போகட்டும். நேரம் கேட்டவரை வேலையை விட்டு அனுப்புவது, முடியாது என்றவரை அனுப்புவதுபோல் எளிதல்ல.

‘ஆர்டர் எழுதினா போதாதா?’

இந்தக் கேள்வியைக் கேட்ட பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்காமல் மனசுக்குள் வைத்திருக்கும் இருபது பேருக்கும் சேர்த்து அவன் கேட்டிருக்கிறான். ‘லாயக்கில்லை’ என்றது அதற்குப் பதில் ஆகாது, சகோதரி. அந்த ஒப்பீடும் நியாயமில்லை. நர்சிங் மாணவிகள் வார்டில் கழிக்கும் மணி நேரத்தையும், இந்தப் பையன்களுக்கு உங்கள் லேபில் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

பதிலை வாயால் சொல்லாமல் ஒரு கேஸ் ஷீட்டைக் கையில் கொடுங்கள். ‘அரை லிட்டர் நார்மல் சலைன், நாலு மணி நேரத்தில்’ என்று ஆர்டர். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் என்றால், 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுத்தால் ஏறக்குறைய 42. செட்டின் உறையில் 15 என்று போட்டிருந்தால் 31. உறையைப் படிக்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே கணக்குப் போட்டால் என்ன ஆகும் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். பிறகு சொட்டுகளைக் கடிகாரம் பார்த்து எண்ணி 42-க்கு நிறுத்தச் சொல்லுங்கள். நோயாளி கையை மடக்கியதும் அது மாறிவிடும் என்பதையும் காட்டுங்கள்.

அடுத்த ஆர்டர்: ‘பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பி.பி.’ நாற்பது படுக்கை, ராத்திரி இரண்டு சிஸ்டர்கள். ஆறு நோயாளிகளுக்கு இப்படி எழுதிவிட்டு டாக்டர் போய்விட்டால் விடிகிற வரை என்ன நடக்கும்? சார்ட் நிரம்பியிருக்கும், பி.பி. பார்த்திருக்க மாட்டார்கள். கதீட்டரே போடாத நோயாளிக்கு ‘மணிக்கொரு முறை யூரின் அளவு’ என்று எழுதிய கேஸ் ஷீட்டும் நிறைய உண்டு. நடத்த முடியாத ஆர்டரை எழுதுபவர், நடத்துவது என்றால் என்ன என்று தெரியாதவர். நர்சிங் திறனை டாக்டர் கற்றுக்கொள்வதற்கு எனக்குத் தெரிந்த முதல் காரணம் அதுதான். கையால் ஊசி போடத் தெரிவது இரண்டாவது காரணம். அதுவும் தேவை, ஹவுஸ் சர்ஜனாக முதல் ராத்திரி டூட்டியிலேயே ரத்தம் எடுக்கவும் வென்ஃப்ளான் போடவும் அவர்களைத்தான் கூப்பிடுவார்கள்.

மூன்றாவது காரணம், அந்த எண்கள்மேல் வரும் சந்தேகம். வார்டு சார்ட்டுகளை எடுத்துப் பாருங்கள், பாதி நோயாளிகளுக்கு மூச்சு எண்ணிக்கை 18 அல்லது 20 என்றே இருக்கும். முழுதாக ஒரு நிமிடம் யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். நிலைமை மோசமாவதை முதலில் காட்டுவது பெரும்பாலும் மூச்சு வேகம்தான், பி.பி. கடைசியில்தான் இறங்கும். தானே ஒரு நிமிடம் நின்று எண்ணிய மாணவர், பிற்காலத்தில் சார்ட்டில் 18-ஐப் பார்த்ததும் நோயாளியின் நெஞ்சையும் ஒருமுறை பார்ப்பார். பருத்த கைக்குச் சின்ன பி.பி. கஃப் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும் என்பதைத் தன் நண்பன் கையிலேயே பார்த்தவர், அந்த ஒரு அளவை நம்பி மாத்திரையைக் கூட்ட மாட்டார்.

வேண்டுமானால் அவர்களுக்கு இதையும் சொல்லுங்கள். ஜெர்மனியில் மருத்துவம் படிப்பவர்கள் முதல் அரசுத் தேர்வுக்கு முன்பே மருத்துவமனையில் மூன்று மாதம் நர்சிங் பணி செய்தாக வேண்டும். படுக்கை மாற்றுவதும் குளிப்பாட்டுவதும் அதில் உண்டு. நம்ம வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் நர்சிங் பள்ளியை 1909-இல் தொடங்கினார். மருத்துவப் பள்ளி அதற்குப் பிறகு, 1918-இல்தான் வந்தது.

முப்பது பேர், இரண்டு மாதிரிக் கைகள்

எண்ணிக்கைதான் உங்கள் உண்மையான பிரச்சினை. முப்பது பேர் நின்று, ஒருவர் செய்ய, மற்றவர்கள் வேடிக்கை பார்த்தால் யார்தான் போனை எடுக்க மாட்டார்கள்? நானாக இருந்தாலும் எடுப்பேன்.

ஐந்தைந்து பேராக ஆறு மேஜை போடுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மேஜை மாறட்டும். சரியாக இரண்டு மணி நேரம். இரண்டு மேஜைக்குத்தான் மாதிரிக் கை வேண்டும். மூன்றாவதில் ஒருவருக்கொருவர் பி.பி.யும் மூச்சும் பார்ப்பது. நான்காவதில் சொட்டுக் கணக்கு. ஐந்தாவதில் கை கழுவுவதும் கிருமி நீக்கிய உறை அணிவதும். கை தேய்ப்பு மருந்து என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. பக்கத்து மாணவர் கடிகாரம் பிடிக்கட்டும். ஆறாவதில் கழிவு பிரிப்பது. பஞ்சு மஞ்சளில், ட்ரிப்ஸ் செட் சிவப்பில், ஊசி வெள்ளையில், உடைந்த கண்ணாடிக் குப்பி நீலத்தில். பொம்மை விளையாட்டு மாதிரித் தெரியும், ஆனால் மூன்று பேர் தவறாகப் போடுவார்கள். அந்தச் சிரிப்பில்தான் மனசில் நிற்கும். கடைசி இரண்டு மேஜைகளுக்கு உங்கள் இறுதியாண்டு நர்சிங் மாணவிகளைக் கேளுங்கள். அவர்களுக்கும் அது பயிற்சி. நாளைக்கு ஒரே வார்டில் வேலை பார்க்கப் போகிற இரண்டு தரப்பும் இப்போதே முகம் பார்த்துப் பேசிக்கொள்ளட்டும்.

மாதிரிக் கை மேஜையில் நீங்களே நில்லுங்கள். அங்கே செய்முறை கற்பிக்க பேட்டன் என்பவர் வகுத்த நான்கு படி முறை நன்றாக வேலை செய்யும். முதலில் பேசாமல் நிஜ வேகத்தில் செய்து காட்டுவது. இரண்டாவது, நிறுத்தி நிறுத்தி ஒவ்வொன்றும் எதற்கு என்று சொல்லிச் செய்வது. மூன்றாவதில் மாணவர் ஒவ்வொரு படியாகச் சொல்லச் சொல்ல நீங்கள் செய்வது. நான்காவதில் அவரே சொல்லி அவரே செய்வது. பலர் மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள். எது புரியவில்லை என்பது அங்கேதான் வெளியே வரும். ‘டோர்னிகே (ரத்தம் எடுக்கும் முன் கையை இறுக்கும் பட்டை) கட்டு’ என்று சொல்லிவிட்டு அவிழ்க்கச் சொல்ல மறப்பார்கள். நீங்களும் அவிழ்க்காமலே ஊசியை உருவப் போங்கள், அலறுவார்கள்.

கதீட்டருக்கும் ரைல்ஸ் ட்யூபுக்கும் தனி வகுப்பு வையுங்கள். அவற்றில் நான் மூன்றே விஷயங்களுக்குத்தான் அடம்பிடிப்பேன். சிறுநீர் வருவதைப் பார்க்காமல் கதீட்டர் நுனியில் உள்ள பலூனை ஊதக் கூடாது. ஆண்களுக்குப் போட்ட பிறகு பின்னுக்குத் தள்ளிய முன்தோலைத் திரும்ப முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். ரைல்ஸ் ட்யூப் வயிற்றில்தான் இருக்கிறது என்பதற்குக் காற்றடித்து ஸ்டெத்தில் சத்தம் கேட்பது போதாது. உறிஞ்சி எடுத்த நீரின் பி.எச். (அமிலத்தன்மை அளவு) 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் எக்ஸ்ரே. மூன்றாவதை உங்கள் வார்டிலேயே பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சொல்லிக்கொடுப்பதை அதற்காக மாற்ற வேண்டாம்.

டம்மியில் சரியாக வந்தால் நோயாளியிடமும் சரியாக வரும் என்று உங்கள் கடிதத்தில் ஒரு தொனி இருக்கிறது. வராது. ரப்பர் கை நடுங்காது, ‘ஐயோ’ என்று சொல்லாது, நீரிழப்பில் நரம்பு ஒளியாது. டம்மியில் தேறியவர் நோயாளியின் பக்கத்தில் மேற்பார்வையோடு தொடங்கலாம் என்பதுதான் அதற்குப் பொருள். தனியாக விடலாம் என்பதல்ல. ஒருவருக்கொருவர் ரத்தம் எடுத்துப் பழகச் சொல்லும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. விரும்பி முன்வருபவர்களோடு, நீங்கள் பக்கத்தில் நின்றால் செய்யலாம். எல்லோரும் கை நீட்டியே ஆக வேண்டும் என்றால் வேண்டாம்.

நோயாளியிடம் என்ன சொல்வது?

டீச்சிங் ஆஸ்பத்திரி என்பதாலேயே சம்மதம் வந்துவிடாது. அட்மிஷனில் வாங்கும் பொதுக் கையெழுத்து, தெரியாத ஒரு மாணவர் என் நரம்பில் பழகலாம் என்பதற்கான கையெழுத்து அல்ல. போதுமான விவரம் சொல்லி வாங்குவதுதான் சம்மதம் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சமிரா கோலி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நினைவிழந்தவர், பேச ஆளில்லாதவர், இலவசப் படுக்கையில் இருப்பவர் என்று பார்த்துப் பார்த்து மாணவர்களை அனுப்பும் பழக்கத்தை உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் உறுத்தியது. மறுக்க முடியாதவரிடம் பழகுவது எளிது என்பதை அந்த இடத்திலேயே மாணவர் கற்றுக்கொள்கிறார்.

கேட்டால் ஒருவரும் கை நீட்ட மாட்டார்கள் என்பது, கேட்டுப் பார்க்காதவர்கள் சொல்வது. ‘அம்மா, இந்தத் தம்பி டாக்டருக்குப் படிக்கிறார். ரத்தம் எடுக்கப் பழகியிருக்கிறார், நான் பக்கத்திலேயே நிற்கிறேன். ஒருமுறை முயற்சி பண்ணுவார், வரலைன்னா நானே எடுத்துடுவேன். வேண்டாம்னா சொல்லுங்க, உங்க வைத்தியத்துல ஒரு குறையும் வராது.’ இப்படிக் கேட்டால் பலர் ‘எடுத்துக்கோ தம்பி’ என்பார்கள். சிலர் வேண்டாம் என்பார்கள். அதோடு விட்டுவிட வேண்டும். ‘ஒருமுறை’ என்று சொன்னால் ஒருமுறைதான். இரண்டாவது குத்து உங்கள் கையால் இருக்கட்டும். எடுத்த குழாயில் பெயர் எழுதுவதும் படுக்கை ஓரத்திலேயே நடக்க வேண்டும். நர்சிங் ஸ்டேஷன் மேஜைக்குக் கொண்டுபோய் எழுதும்போதுதான் குழாய் மாறிப்போகிறது. ரத்த வகைக்கான குழாய் மாறினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மரியாதை பற்றிக் கடைசியாக. முதல் வகுப்புக்கு மெடிசின் துறையிலிருந்து ஒரு அசிஸ்டென்ட் புரொபசரைக் கால் மணி நேரம் வரச் சொல்லுங்கள். உரையாற்ற வேண்டாம். மாணவர்களோடு நின்று நீங்கள் சொல்கிறபடி அவர் கை கழுவட்டும், நீங்கள் திருத்தினால் திருத்திக்கொள்ளட்டும். எல்லோரும் வர மாட்டார்கள், ஆனால் துறைக்கு ஒருவராவது அப்படி இருப்பார். அவரை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். வார்டில் சிஸ்டர்களிடம் ‘இவங்களுக்கு ராத்திரி எப்படி இருந்தது?’ என்று கேட்டுவிட்டு ரவுண்ட்ஸ் தொடங்குபவர்.

இனி, நீங்கள் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட அந்தப் பன்னிரண்டு பேர். அடித்துத் திருத்த வேண்டாம், வெள்ளை மையும் பூச வேண்டாம். பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டு மாதிரிக் கை முன்னால் நிறுத்துங்கள். ஒவ்வொருவரும் செய்வதை முழுதாகப் பாருங்கள். பழைய வரிக்குக் கீழே புது வரியாக ‘இன்ன தேதியில் நேரில் பார்த்து மதிப்பிடப்பட்டது’ என்று எழுதி, சரியாக வராதவர்களுக்கு ‘திரும்பச் செய்ய வேண்டும்’ என்று குறியுங்கள். துறை ஆசிரியரின் கையெழுத்து அதற்குப் பக்கத்தில் வரட்டும். இப்படிச் செய்திருக்கிறேன் என்று ஒருங்கிணைப்பாளருக்கு இரண்டு வரி மின்னஞ்சலும் போட்டுவிடுங்கள். இன்ஸ்பெக்ஷனுக்காகப் பழைய தேதியே இருக்கட்டும் என்று அவர் சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தர மாட்டார்.